ஸ்லோ குக்கரில் முழுக்கோழி: எல்லையோரக் கேள்விகளும் பதில்களும்

செலவு கையைக் கடிக்காமல் ஒரு முழுக்கோழியை ஸ்லோ குக்கரில், அதாவது மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில், வேகவைப்பது எப்படி என்று கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்தும் வாளையாற்றைச் சுற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிராய்லர் கோழியை எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் அக்கா? எட்டு மணி நேரம் வைத்தேன், எடுக்கும்போதே எலும்பு தனி, கறி தனியாகக் கொட்டிவிட்டது. (வண்ணாமடை)

கொட்டாமல் என்ன செய்யும்? பிராய்லர் ஆறு வாரக் குஞ்சு. அதன் கறியில் இளக வேண்டிய நார் அதிகம் இல்லை. சுத்தம் செய்த பின் ஒன்றேகால் கிலோ இருந்தால் குறைந்த சூடான ‘லோ’வில் ஐந்து மணி நேரம், கூடுதல் சூடான ‘ஹை’யில் மூன்று மணி நேரம் தாராளம். அதற்கு மேல் வைத்தால் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும். உண்மையைச் சொன்னால், பிராய்லருக்கு இந்தப் பாத்திரமே தேவையில்லை. வாணலியில் முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை அது.

அப்படியானால் எந்தக் கோழி வாங்குவது? நாட்டுக்கோழி விலைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. (எருத்தேம்பதி)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். முட்டைக்கோழி வாங்குங்கள். பத்திரிகையில் தினமும் பல்லடம் கறிக்கோழி விலை, நாமக்கல் முட்டைக்கோழி விலை என்று இரண்டு வரும். இரண்டாவது, ஒன்றரை வருடம் போல முட்டையிட்டுப் பண்ணையிலிருந்து கழிக்கப்படும் கோழி. நாட்டுக்கோழி விலையோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு. சில நாட்களில் கறிக்கோழியைவிடவும் இறங்கியிருக்கும். ஏறியிருக்கிற நாளில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

வாணலியில் வைத்தால் அது ரப்பராக இழுக்கும். அதனால்தான் பலரும் ஒதுக்குகிறார்கள். ஆனால் வயதான கோழியின் கெட்டி நார் நீண்ட நேர மிதச் சூட்டில் கரைந்து குழம்பில் இறங்கும்போது கிடைக்கிற சாறு, பிராய்லரில் எவ்வளவு மசாலா கொட்டினாலும் வராது. ஸ்லோ குக்கருக்குக் கொடுத்த காசு இந்தக் கோழியில்தான் திரும்பி வரும்.

கடைக்காரரிடம் வெட்ட வேண்டாம், தோலோடு முழுதாக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் பர்ஸைத் திறப்பதற்குள் தோலை உரித்துப் பதினாறு துண்டு போட்டுவிடுவார். வயிற்றுக்குள் மஞ்சள் கருக்கள் கொத்தாக இருக்கும். கோலிக்குண்டு அளவில் ஒன்று, மிளகு அளவில் பத்து என்று ஒரே சரத்தில் தொங்கும். அதைக் குப்பையில் போட விடாதீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் குழம்பில் விட்டால் கெட்டியாக வெந்து நிற்கும். எங்கள் வீட்டில் சண்டையே அதற்குத்தான்.

முட்டைக்கோழிக்கு நேரக்கணக்கு? தண்ணீர் எவ்வளவு? (கோபாலபுரம்)

முதல் ஒரு மணி நேரம் ‘ஹை’, பிறகு ‘லோ’வில் ஏழு அல்லது எட்டு மணி நேரம். காலைப் பிடித்து லேசாகத் திருகினால் மூட்டு கழன்று வர வேண்டும். முரண்டு பிடித்தால் இன்னும் ஒரு மணி நேரம். இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஒருமுறை திறந்தால் இருபது நிமிடச் சூடு போய்விடும்.

தண்ணீர் ஒரு டம்ளர் போதும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. மூடியின் உள்பக்கம் படியும் ஆவி திரும்ப உள்ளேயே விழுவதால் எதுவும் வற்றாது. வாணலிக் கணக்கில் ஊற்றினால் கோழி ரசம்தான் கிடைக்கும். அடியில் தடிமனாக நறுக்கிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பரப்பி, அதன்மேல் கோழியை நெஞ்சு கீழே இருக்கும்படி வையுங்கள். உருளைக்கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும், அதனால் அதன் இடம் அடியில்தான்.

பச்சை வாசனை போகவே மாட்டேன் என்கிறது. நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடுகிறேன். (வேலந்தாவளம்)

அதுதான் காரணம். இந்தப் பாத்திரம் கொதிநிலையைத் தாண்டாது, எனவே எதையும் வதக்கவோ சிவக்கவோ வைக்காது. வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் நன்றாக வதக்கிவிட்டுப் போடுங்கள். பத்து நிமிடம் சோம்பல்பட்டால் எட்டு மணி நேரமும் வீண். பட்டை, கிராம்பைப் பாதியாகக் குறையுங்கள், நெடுநேரத்தில் அவை மட்டும்தான் மணக்கும். பாலக்காட்டுப் பக்கம் செய்வதுபோல வறுத்தரைத்த தேங்காய் சேர்ப்பதானால் கடைசி அரை மணி நேரத்தில். முதல் தேங்காய்ப்பாலை அணைக்கும் நேரத்தில் ஊற்றுங்கள், முன்பே ஊற்றினால் திரிந்துபோகும். தயிருக்கும் அதே விதி.

கோழி நிறைத்தது செய்ய ஆசை. உள்ளே மசாலாவும் அவித்த முட்டையும் வைத்து இதில் வேகவைக்கலாமா? (சித்தூர்)

வேண்டாம். வயிற்றை நிரப்பினால் நடுப்பகுதி சூடேற நேரமாகும். மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் அது ஆபத்து, ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். வெறும் கோழியாக வேகவைத்து எடுங்கள். பிறகு முட்டையையும் மசாலாவையும் உள்ளே வைத்துக் கட்டி, அகலமான வாணலியில் தேங்காய் எண்ணெயில் புரட்டிச் சிவக்க விடுங்கள். தொளதொளவென்று இருக்கிற தோலும் அப்போதுதான் மொறுமொறுப்பாகும்.

கஞ்சிக்கோட்டில் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வருவேன். டைமர் வைத்துவிட்டுப் போகலாமா?

பச்சைக் கோழியை நான்கு மணி நேரம் அப்படியே உட்காரவைத்துப் பிறகு சூடேற்றுவதா தம்பி? நம் ஊர் வெயிலில் கூடவே கூடாது. இரவு எட்டரைக்குப் போட்டால் காலை ஐந்தரைக்கு வெந்திருக்கும். குழம்பையும் கறியையும் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நீங்கள் ஆறு மணிக்கே கிளம்புவதால், அதை வீட்டில் இருப்பவரிடம் ஒப்படையுங்கள். தனியாக இருக்கிறீர்கள் என்றால் விடுமுறை நாளில் செய்யுங்கள்.

ஃபிரீசரிலிருந்து எடுத்து நேராகப் போடலாமா? (மீனாட்சிபுரம்)

கூடாது. முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி விட்ட பிறகுதான்.

கரண்ட் பில் பயமாக இருக்கிறது. (வாளையாறு)

ஆறு லிட்டர் பாத்திரம் 250 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிலருக்கு அது கணக்கிலேயே வராது. கேரள இணைப்பில் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று பார்த்தாலும் பன்னிரண்டு ரூபாய். பிரஷர் குக்கரில் வைத்தால் எரிவாயுவுக்கு இதைவிட அதிகம் ஆகாது. ஆகவே மின்சாரம் மிச்சம் என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மிச்சம் கோழி விலையில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் எலும்பில் இருக்கிறது. கறியை எடுத்த பிறகு எலும்புக்கூட்டை அதே பாத்திரத்தில் போட்டு, அது மூழ்கும் அளவு கொதிநீரும் நான்கு மிளகும் சேர்த்து இரவெல்லாம் விட்டால் மறுநாள் ரசத்துக்கோ கஞ்சிக்கோ ஆகும். உதிர்த்த கறி, மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டினால் தோசைக்கு. நால்வர் இருக்கும் வீட்டில் ஒரு கோழி மூன்று வேளைக்கு வரும். வெந்த கறியை மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

ஸ்லோ குக்கர் வாங்கவே வசதியில்லை. வேறு வழி? (கோவிந்தாபுரம்)

கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு பரப்பிய சூடாறாப்பெட்டியை, கொதித்த பாத்திரத்தைச் சூடு ஆறாமல் அடைத்து வைக்கும் பெட்டியை, பார்த்திருப்பீர்கள், அவர்களின் தொழில்நுட்ப மையம் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் முண்டூரில்தான் இருக்கிறது. வீட்டில் தெர்மல் குக்கர் இருந்தால் அதுவும் சரி. பிராய்லரை முழுதாக நீரில் மூழ்கடித்து, மூடி, இருபத்தைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு உள்ளே வைத்து அடையுங்கள். பாத்திரம் நிறைந்திருக்க வேண்டும், பாதி காலியாக இருந்தால் சூடு நிற்காது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, மீண்டும் ஒரு கொதி விட்டுச் சாப்பிடுங்கள். தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் சிவப்பு நீர் வரக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, 74 டிகிரி காட்ட வேண்டும். முட்டைக்கோழிக்கு இது போதாது, அதை முதலில் பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வைத்துவிட்டு வாருங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து குக்கர் கொண்டுவந்திருக்கிறார். பிளக் முள் மட்டும் மாற்றினால் போதுமா? (கொழிஞ்சாம்பாறை)

முள்ளை மாற்றுமுன் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய மறுகணம் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால்தான் ஓடும், அந்த விலைக்கு இங்கேயே சின்னதாக ஒன்று பார்க்கலாம். வளைகுடாவிலிருந்து வந்ததென்றால் பெரும்பாலும் கவலையில்லை, முள் அடாப்டர் போதும்.