பெயர் இருக்கிறது, புள்ளிக் கணக்கு எங்கே?

கேள்வி: ஹட்டனில் தேயிலைத்தூள் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் புள்ளி சேர்க்க ஓர் இணையச் செயலி செய்வித்தோம். போனில் தாங்களே பதிபவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கொப்பியில் இருந்த 340 பழைய வாடிக்கையாளர்களை எக்செலில் அடித்துக் கொடுத்தோம். செய்து தந்த தம்பி மொத்தமாக ஏற்றினார். அவர்கள் புள்ளிப் பக்கத்தைத் திறந்தால் பிழை வருகிறது. "எல்லாரும் மறுபடி பதியட்டும், திருத்துவதென்றால் தனிக்காசு" என்கிறார் தம்பி. ஜாங்கோ என்ற நிரல் கட்டமைப்பில் செய்ததாம். கொடுக்கலாமா? - வாசகி, ஹட்டன்

பதில்: பழைய பெயர்களை ஏற்றித் தருவதும் பேசிய வேலைக்குள் இருந்ததென்றால் கொடுக்காதீர்கள் அக்கா. வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

தோட்டத்தில் செக்ரோலில் (வேலையாட்கள் பதிவேட்டில்) பெயர் விழுந்தும் ஈ.பி.எப். கணக்குத் திறக்காமல் விட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பயனர் பெயர் ஓர் அட்டவணையில், புள்ளி இன்னோர் அட்டவணையில். புதிதாக ஒருவர் பதிந்ததும் புள்ளி அட்டவணையில் அவருக்கொரு வரியும் (புள்ளி வரி) தானாக விழுவதற்கு ஜாங்கோவில் 'போஸ்ட் சேவ்' என்ற சிக்னலை, சேமித்ததும் அடிக்கும் மணி மாதிரி, பெரும்பாலும் வைப்பார்கள். ஒவ்வொருவராகச் சேமிக்கும்போது அது அடிக்கும். 'பல்க் கிரியேட்' என்ற கட்டளையால் மொத்தமாக ஏற்றினால் அடிக்காது. ஜாங்கோவின் கையேட்டிலேயே இது எழுதியிருக்கிறது. உங்கள் 340 பேரும் இதில்தான் மாட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

அவர்களை மறுபடி பதியச் சொல்லவே வேண்டாம். பழைய பெயரும் புதுப் பெயருமாக ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார். அப்புறம் அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய தலைவலி. புள்ளி வரி இல்லாதவர்களுக்கு மட்டும் வரி போடும் சின்ன நிரல் போதும். 'கெட் ஆர் கிரியேட்' (இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு) என்ற கட்டளை கொண்டு எழுதினால், ஏற்கெனவே புள்ளி சேர்த்தவர்களின் கணக்கில் கை வைக்காது. ஓட்டுமுன் தரவுத்தளத்தை ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனிப் பதிபவர்களுக்கு, பயனர் வரியும் புள்ளி வரியும் ஒரே 'டிரான்சாக்ஷன்' உள்ளே விழ வேண்டும். பாதியில் ஏதும் உடைந்தால் இரண்டுமே விழக்கூடாது.

மிச்சக் காசைக் கொடுக்குமுன் கடையிலேயே பார்த்துவிடுங்கள். புது நம்பரில் ஒருவரைப் பதிந்து, வெளியேறி, மறுபடி உள்ளே போங்கள். சிக்னலில் 'புதிதாகப் பதிந்தவரா' என்று பார்க்க மறந்திருந்தால் அந்த உள்நுழைவில்தான் பிழை வரும்: கடைசியாக வந்த நேரத்தைக் குறிக்கப் பயனர் வரி மறுபடி சேமிக்கப்படும், உடனே இரண்டாவது புள்ளி வரி போடப் பார்க்கும். பிறகு எக்செலில் இரண்டு பெயரை ஏற்றி, அவர்களின் புள்ளிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அங்கே 0 என்று தெரிந்தால் சரி, காசை எண்ணிக் கொடுக்கலாம்.