வட்டார வேட்பாளரிடம் எதைக் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வட்டாரத்துக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர், தான் வென்றால் களவை ஒழிப்பதாகவும் பொலிஸ் ரோந்தைக் கூட்டுவதாகவும் சொல்கிறார். மாநகர சபை உறுப்பினரால் இது முடியுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முடியாது. பொலிஸ் மத்திய அரசாங்கத்தின் கீழ் இருக்கிறது. ஒரு கான்ஸ்டபிளை இடம் மாற்றும் அதிகாரம்கூட சபை உறுப்பினருக்கு இல்லை. சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் குறையை எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. ஆனால் தெருவிளக்கு, வடிகான், வீதியோர மரம், தீயணைப்புப் படை எல்லாம் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. அவர் வாக்குறுதி தர வேண்டியது இவற்றில்தான்.

முதலில் விளக்கு. இரவு எட்டு மணிக்கு உங்கள் ஒழுங்கையில் உங்களோடு நடந்துவர வேட்பாளரிடம் சொல்லுங்கள். எரியாத ஒவ்வொரு கம்பத்தின் இலக்கத்தையும் அவரே எழுதட்டும். இலக்கமில்லாத முறைப்பாட்டை வைத்துக்கொண்டு தொழிலாளி கம்பத்தைத் தேடித் திரிய வேண்டியிருக்கும். என்ன கோளாறு என்பதையும் குறிக்கலாம். பழைய சோடியம் விளக்கு பற்றுவதும் அணைவதுமாக இருந்தால் பல்ப் ஆயுள் முடிந்தது. பகலிலும் எரிந்தால் போட்டோசெல், அதாவது வெளிச்சத்தை உணர்ந்து விளக்கை ஏற்றி அணைக்கும் கருவி, கெட்டுவிட்டது. வரிசையாக நாலைந்து அணைந்திருந்தால் பல்ப் மாற்றிப் பயனில்லை, மின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தீ. 2022 செப்டெம்பரில் தொட்டலங்க கஜீமா வத்தையில் தீ வீட்டுக்கு வீடு தாவியதை மறந்துவிடக் கூடாது. பலகையும் தகரமும் நெருங்கி நின்றால் முதல் சில நிமிடங்களிலேயே எல்லாம் முடிந்துவிடும். தீயணைப்பு வண்டி ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலம். ஒழுங்கை முகப்பில் ஒரு ஓட்டோ குறுக்காக நின்றாலே போதும், வண்டி வெளியிலேயே நின்றுவிடும். வட்டாரத்தில் எந்தெந்த ஒழுங்கைக்குள் வண்டி நுழையாது, அங்கே தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்று வேட்பாளரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தீயணைப்புப் படையினரை அழைத்து வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைக்காவது ஒப்புக்கொள்ளட்டும். தீ என்றால் 110, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: மழை வந்தால் எங்கள் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். கான் மூடி இல்லாத இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரிடம் போவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இடத்தைப் பொறுத்தது. காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. குறுக்கு ஒழுங்கைகளின் கான் மாநகர சபைக்கு. பெரிய கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு. இந்த எல்லை தெரியாத வேட்பாளர் உங்களை மூன்று அலுவலகங்களுக்கும் அலைய விடுவார்.

கானுக்கு மூடியாக இரும்புக் கிராதி போட்டால் களவாடிப் பழைய இரும்புக்கு விற்கிறார்கள். கம்பி வைத்த கொங்கிரீட் மூடியே நல்லது. ஆனால் ஒரு ஆள் கோலைக் கொடுத்துத் தூக்க இரண்டு துளை அவசியம். துளை இல்லாவிட்டால் துப்பரவு செய்பவர் உடைத்துத்தான் எடுப்பார், மீண்டும் திறந்த குழிதான்.

துப்பரவு தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர், ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன்னர் இன்னொரு தடவை. இங்கே நடக்கும் பெரிய தவறு, அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது. முதல் மழையிலேயே அது திரும்பக் கானுக்குள் போய்விடும். அள்ளும் அன்றே லொறியில் ஏற்ற வேண்டும் என்று வேட்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டு முன்னால் நிற்கும் பெரிய மரம் ஆபத்தானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பொரளை

பதில்: 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடும் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். உங்கள் மரத்தின் அடியைப் பாருங்கள். தண்டைச் சுற்றிச் சீமெந்து இறுக்கிப் பூசியிருக்கிறதா, நடைபாதைக்குத் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டினார்களா, அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் படம் எடுத்து மாநகர சபைக்கு எழுதுங்கள். மேலே இலை பச்சையாக இருப்பதை நம்ப வேண்டாம். கிளை மின்கம்பியைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்காமல் எவரையும் மரத்தில் ஏறவிடாதீர்கள்.