வெள்ளை ரத்தத்தால் என்ன லாபம்?

வணக்கம் சார்,

கடல் உயிர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அண்டார்டிகாவின் பனிமீனுக்கு ரத்தம் நிறமே இல்லாமல் இருக்கும் என்று ஒரு வரி வந்தது. எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "சிவப்பு ரத்தத்தைவிட அது எந்த விதத்தில் உசத்தி மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். குளிரைத் தாங்கத்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரிதானா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

உசத்தியே இல்லை என்பதுதான் என் பதில். குளிரைத் தாங்குவதற்கு அந்த மீனிடம் வேறு ஏற்பாடு இருக்கிறது. அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை இறங்கும். சாதாரண மீனின் ரத்தம் மைனஸ் 1-க்கு முன்பே உறைந்துவிடும். பனிமீனின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம், உள்ளே நுழையும் பனித்துகளில் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கிறது. செரிமான நொதி ஒன்றின் மரபணுவிலிருந்து உருவான புரதம் இது. கெட்டிக்கார வேலை! ஆனால் அதே கடலில் வாழும் சிவப்பு ரத்த உறவு மீன்களிடமும் இது உண்டு. அப்படியானால் ரத்தம் வெளுக்க வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் மரபணு எப்போதோ சிதைந்துபோனது, அவ்வளவுதான். வேறு கடலாக இருந்தால் அந்த வம்சமே அழிந்திருக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால் இது பிழைத்தது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கரைந்து வரும் ஆக்சிஜன், சிவப்பு ரத்தம் சுமப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டப் பெரிய இதயம், அகலமான ரத்தக் குழாய்கள், கூடுதல் ரத்தம். சொந்த வீட்டை விற்றுவிட்டு ஆயுசு முழுக்க வாடகை கட்டும் கதை. ரத்தம் நீர்த்திருப்பதால் குளிரில் சுலபமாக ஓடும் என்று வாதிடுவோரும் உண்டு. அவ்வளவு ரத்தத்தை ஓயாமல் இறைக்கும் செலவைப் பார்த்தால் அந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. பனிமீன்களில் 16 இனங்கள். அவற்றில் 6 இனங்கள் இதயத் தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தையும் இழந்திருக்கின்றன!

இதற்காகப் பரிதாபப்படவும் வேண்டாம். 2021-இல் ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' ஆய்வுக்கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் அடியில் பனிமீன் கூடுகளைப் பார்த்தது. சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 கோடிக் கூடுகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

பையனிடம் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: அந்தக் கடல் கொஞ்சம் சூடானால், முதலில் மூச்சுத் திணறப்போவது எந்த மீனுக்கு?