தாத்தா எழுதிக் கொடுத்த அல்வா பேச்சு

அண்ணாச்சி, மகளின் பள்ளிப் பேச்சுக்கு 'அல்வா தமிழ்ச் சொல்லே' என்று தாத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றிவிடுங்கள். அரபியில் 'ஹுல்வ்' என்றால் இனிப்பானது. 'ஹல்வா' அதே வேரில் வந்தது.

ஆனால் திருநெல்வேலிப் பக்குவம் தனி. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்து, பால் பிழிந்து, மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கும் கெட்டிப் பாலைச் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கை ஓயக் கிண்டுவது. பேச்சில் பாதி இதுவாகவே இருக்கட்டும், பிள்ளைகள் வாயூறிக் கேட்பார்கள்.

தாத்தா கோபிப்பார்தான். சமாதானத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலேயர் குடிக்கும் 'மல்லிகடானி' சூப், நம் மிளகுத்தண்ணிதான். பேரும் இங்கிருந்து போனதே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்பதை மட்டும் இப்போது சொல்லாதீர்கள். ஒரே நாளில் இரண்டு அடி தாங்க மாட்டார்.