கருகிய கிராபிக்ஸ் கார்ட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வெள்ளவத்தை மாணவர்: அண்ணா, கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது கார்டிலிருந்து புகை வந்தது. 8 பின் பவர் சொக்கட்டுக்குப் பக்கத்தில் கறுத்துப்போயிருக்கிறது. கார்டைக் கழற்றினால் கொம்பியூட்டர் வேலை செய்கிறது, போட்டால் எழும்புவதே இல்லை. இன்னொருக்கா போட்டுப் பார்க்கவா?

பதில்: வேண்டாம் தம்பி. பெரும்பாலும் கார்டில் ஷோர்ட் (பவர் நேரே கிரவுண்டுக்குப் போய்விடும் பழுது) இருக்கிறது, அதனால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பப் போட்டால் கருகல் பரவும். கார்டை வெளியே எடுத்து, மல்டிமீற்றரை ஓமில் வைத்து, சொக்கட்டின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளந்து பாருங்கள். நல்ல கார்டில் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். ஒரு ஓம் அளவில் நின்றால் ஷோர்ட்தான். மதர்போர்டில் செருகும் விளிம்பிலும் 12 வோல்ட் வருகிறது, அதையும் விடாமல் பாருங்கள். பல கார்டுகளில் இந்த இரண்டும் தனித்தனி லைன்கள், அதாவது தனித்தனிப் பவர் பாதைகள்.

தெஹிவளை வாசகி: கோர் கொயிலில், அதாவது கார்டின் பிரதான சிப்புக்குப் பவர் கொடுக்கும் சுருளில், அளந்தேன். அரை ஓம்தான் காட்டுகிறது. சிப் போய்விட்டதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெரிய சிப்களின் கோர் லைனில் ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டுவது சாதாரணம். இதைப் பார்த்துப் பயந்தே நல்ல கார்டை எறிந்துவிடுகிறார்கள். மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, வரும் அளவைக் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் நம்பிக்கை உண்டு.

கொட்டாஞ்சேனை நண்பர்: கருகிய மொஸ்ஃபெட்டை (பவரைத் திறந்து மூடும் சின்னச் சுவிட்ச் போன்ற பாகம்) கழற்றிப் புதிதைப் போட்டால் போதுமா? அதன் இலக்கம் எரிந்துவிட்டது.

பதில்: இலக்கம் பிரச்சினையில்லை. பக்கத்துப் பேஸில் (சிப்புக்குப் பவர் கொடுக்கும் ஒரே மாதிரியான பகுதிகளில் அடுத்ததில்) அதே வேலையைச் செய்யும் மொஸ்ஃபெட்டைப் பாருங்கள், பொதுவாக அதே இலக்கம்தான் இருக்கும். அது ஏன் எரிந்தது என்பதுதான் முக்கியம். மேற்பக்க மொஸ்ஃபெட், அதாவது 12 வோல்ட் லைனோடு இணைந்திருப்பது, ஷோர்ட் ஆனால், ஏறக்குறைய ஒரு வோல்டில் வேலை செய்யும் சிப்புக்கு 12 வோல்ட் நேரே போய்விடும். எனவே எரிந்ததைக் கழற்றியவுடன் கோர் லைனைத் திரும்ப அளந்து பாருங்கள். முனைகளின் அளவைக் கழித்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை என்றால் சிப் அநேகமாக முடிந்தது, அதற்குமேல் காசு செலவழிக்காதீர்கள்.

மிஞ்சினால் அடுத்த வேலை கருகலைச் சுரண்டுவது. கருகிய போர்ட் கரியாகிவிடுகிறது, கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன்மேல் புதிய மொஸ்ஃபெட்டைப் போட்டால் அதுவும் எரியும். சுத்தமான போர்ட் தெரியும்வரை சுரண்டி, ஐசோப்ரொபைல் அல்ககோலால் துடைக்க வேண்டும். உள் அடுக்குகளும் எரிந்து குழி விழுந்திருந்தால் அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. அப்புறம், அந்த மொஸ்ஃபெட்டை இயக்கும் டிரைவர் ஐசியையும் பாருங்கள், பல தடவை இரண்டும் சேர்ந்தே போகும்.

மட்டக்குளி வாசகர்: பியூஸ்தான் போயிருக்கிறது. ஒரு வயர்த் துண்டை வைத்து ஈயம் பற்றலாமா?

பதில்: கூடாது. அதே அம்பியர் பியூஸ் போடுங்கள், அதுவும் ஷோர்ட்டைத் தீர்த்த பிறகுதான்.

வத்தளை வாசகர்: கார்டை கேக் சுடும் அவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: பாகங்களைப் பற்றவைத்திருக்கும் ஈயமில்லாத சோல்டர் உருக ஏறக்குறைய 217 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் சொக்கட்டுகள் கெட்டுவிடும், ஷோர்ட்டான மொஸ்ஃபெட் அப்படியே ஷோர்ட்டாகத்தான் இருக்கும். சமைக்கிற அவனில் நச்சுப் புகையும் ஏறும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பம்பலப்பிட்டி மாணவி: யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

பதில்: "முதலில் அளந்து, எந்த லைனில் ஷோர்ட் என்று சொல்லுங்கள், அதன் பிறகு வேலையைத் தொடங்குங்கள்" என்று கேளுங்கள் தங்கச்சி. அளக்காமலே ஹொட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஒரு கார்ட் வாங்க இங்கே ஒரு வீடு எவ்வளவு காலம் மிச்சம் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். திருத்திய கார்டை முதலில் அவர்களுடைய பழைய மதர்போர்டிலேயே போட்டு, அரை மணி நேரமாவது லோட் கொடுத்து, அதாவது கடுமையாக வேலை வாங்கி, காட்டச் சொல்லுங்கள்.