கூட்டுப்புழு கருத்துவிட்டது, தூக்கி எறியலாமா?

கேள்வி: சேலம் அடிவாரத்தில் எருக்கஞ்செடியில் இருந்த வரிப்புழுவைப் பிள்ளைகள் எடுத்துவந்து, ஏற்காட்டு வீட்டில் பாட்டிலில் வளர்த்தார்கள். பச்சைக் கூடாகத் தொங்கி 12 நாளாகிறது. நேற்று மாலையிலிருந்து கருத்துப்போயிருக்கிறது. செத்துவிட்டதா?

பதில்: அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரியும் முதுகில் மூன்று ஜோடிக் கொம்பும் இருந்திருந்தால் அது வெந்தய வரியன். புல்வெளி, தரிசு, ரோட்டோரம் என்று வெயில் விழும் இடமெல்லாம் பறக்கும் பட்டாம்பூச்சி.

சமவெளி வெயிலில் இதன் முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். புழு நான்கு முறை தோலுரித்து இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். கூட்டுக்குள் ஏழு முதல் ஒன்பது நாள். ஆனால் நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர் என்றால் பூச்சியின் வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். 12 நாள் தாமதமே இல்லை.

இனி நிறம். டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் கண்ணாடி மாதிரி தெளிந்து, உள்ளே ஆரஞ்சுச் சிறகும் கருப்பு ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தால் ஒரு நாளுக்குள் வெளிவந்துவிடும். எதுவும் தெரியாமல் முழுக்கக் கருத்து, தொளதொளவென்று நாற்றமடித்தால் செத்துவிட்டது. கூட்டிலிருந்து வெள்ளை இழை தொங்கினால் ஒட்டுண்ணி ஈயின் வேலை. வயலில் வளரும் புழுக்களில் இது சகஜம், உங்கள் வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை.

உயிரோடு இருந்தால் முதலில் அந்த பாட்டிலை மாற்றுங்கள். வெளிவந்ததும் சிறகைத் தொங்கவிட்டு விரிக்க இடம் வேண்டும். இடிபட்டால் மடங்கியபடியே காய்ந்துவிடும், அப்புறம் பறக்காது. அகலமான அட்டைப்பெட்டியில் குச்சியோடு கட்டித் தொங்கவிட்டால் போதும். காற்றோட்டம் இருக்கட்டும். கீழே சிவப்பாக ஒரு சொட்டு விழும். ரத்தம் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். கூட்டுக்குள் சேர்ந்த கழிவுதான் அது.

சிறகு காய இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்து, வெயில் ஏறியபின் விடுங்கள். முடிந்தால் அடிவாரத்திலேயே விடுவது நல்லது, முட்டையிட எருக்கு அங்கேதான் தாராளம். அடுத்த முறை இலை பறிக்கும்போது பிள்ளைகள் கையைக் கழுவட்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.