போனஸ் நாளுக்கு முன்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் பேசி சரக்கு ஏற்றும்வரை பார்த்துக்கொள்கிறவனாக, இருந்தேன். எங்கள் பையர்கள், சரக்கு வாங்குகிறவர்கள், எல்லாம் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றியதும் ஆர்டர்கள் நின்றன. செப்டம்பரில் ஆறு பேரைக் கூப்பிட்டு ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். நிலைமை சரியானால் கூப்பிடுவார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, மத்தியானம் பூங்காவில் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்குத் திரும்புகிறேன். ஆன்லைனில் அறுபது இடத்துக்கு அப்ளை செய்தாயிற்று, பதிலே இல்லை. கூட வேலை போன நண்பர், இரண்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைக்கிற வேலை, எடுக்கலாம் என்கிறார். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. போனஸ் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

அந்த டிபன் பாக்ஸ் எனக்குத் தெரிந்த டிபன் பாக்ஸ்தான். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, அதில் ஒன்றின் லேபில் இருந்தேன். ஊரே பேசிய செய்தி என் வீட்டுக்கு மட்டும் எட்டாது என்று நம்பி மூன்று வாரம் 'வேலைக்கு'ப் போய் வந்தேன். நாலாம் நாளே மனைவிக்குத் தெரிந்துவிட்டதாம். சட்டையில் சாய வாசனை இல்லை.

இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். வீட்டு நிம்மதிக்காக மட்டும் சொல்லவில்லை, ஒளிந்துகொண்டு வேலை தேட முடியாது என்பதற்காகவும்தான். விஷயம் வீட்டுக்குப் போய்விடுமே என்று நூல் கடையில், டீக்கடையில், எங்குமே வாய் திறக்க மாட்டீர்கள். எனக்கு அடுத்த வேலையைச் சொன்னவர் பட்டறைக்கு கெமிக்கல் விற்க வந்த சேல்ஸ்மேன். அவர் முழுப்பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

இது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் யார் மூலம் தகவல் வந்தது என்று கேட்டிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அந்தத் தெரிந்தவரை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்த்துவந்தவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற ஆள். நெருங்கினவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லவா? உங்களோடு வெளியே வந்த ஐந்து பேரும் பார்ப்பது அதே அறுபது விளம்பரங்களைத்தான்.

லேபிள்காரர், பட்டன்காரர், எம்ப்ராய்டரி யூனிட், ஷிப்பிங் ஏஜென்ட் என்று பதினோரு வருஷ நம்பர்கள் உங்கள் போனில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் இருபது கம்பெனி ஏறி இறங்குகிறவர்கள். எந்தக் கம்பெனியில் கட்டிங் டேபிள் நிறைந்திருக்கிறது என்பது முதலாளிக்கு அடுத்தபடி அவர்களுக்குத்தான் தெரியும். "வேலை இருந்தா சொல்லுங்க" என்று மெசேஜ் போடாதீர்கள். நேரில் போய் ஒரு டீ குடியுங்கள்.

பழைய கம்பெனி கூப்பிடும் என்று காத்திருக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி நமக்கு 50 சதவீதம், வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம் என்று ஆனபோது அந்த பையர் எங்கே போனார் என்று உங்களுக்கே தெரியும். ஐரோப்பிய ஆர்டர் செய்கிறவர்கள், உள்நாட்டு பிராண்டுகள் பக்கம் பாருங்கள். பிரிட்டனும் உண்டு. 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் அங்கே நம் ஆடைக்கு வரியை நீக்கச் சொல்கிறது. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இந்தத் தொழிலிலேயே இருங்கள்.

பவர் டேபிள் யோசனை வேண்டவே வேண்டாம். ஆர்டர் குறைந்தால் கம்பெனிக்காரர் முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கிற ஜாப் ஒர்க்கைத்தான். நம்மை அடித்துப் போட்ட அதே வெள்ளத்தில் மறுபடி போய் விழுகிற கதை அது.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! ஐந்து வருஷம் தாண்டினவருக்கு, அவராகவே ராஜினாமா செய்திருந்தாலும், அது உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளம் (பேசிக்), அகவிலைப்படி (டிஏ) இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு உரிய தொகை. இரண்டும் சேர்ந்து 26,000 என்றால் வருஷத்துக்கு 15,000, பதினோரு வருஷத்துக்கு 1,65,000 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பணம் கைக்கு வராமல் 'பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போனஸ் எங்கே என்ற கேள்விக்குச் சொல்லவும் ஒரு பதிலாயிற்று.

நீங்கள் இணைத்திருந்த பயோடேட்டாவைப் பார்த்தேன். 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணிபுரிபவர்' எல்லாவற்றையும் வெட்டுங்கள். எந்த நாட்டு பையர், என்ன துணி, சீசனுக்கு எத்தனை ஸ்டைல், எத்தனை பீஸ், கடைசியாக ஷிப்மென்ட் எப்போது தாமதமானது, ஏன், இவ்வளவும் ஒரே பக்கத்தில் வரட்டும். திருத்தி அனுப்புங்கள். வெளிநாட்டு பையருக்காக இங்கே ஆர்டர் கொடுக்கிற பையிங் ஆபீஸ் இரண்டில் எனக்கு ஆட்களைத் தெரியும். நெருக்கமானவர்கள் இல்லை, அதனால்தான் அனுப்புகிறேன்.